ஷாம்பெயின் பாட்டிலைச் சத்தமில்லாமல் திறப்பது எப்படி

ஷாம்பெயின் மாதிரி குமிழி பொங்கும் ஒயினை ஸ்பார்க்ளிங் ஒயின் என்பார்கள். அந்தப் பாட்டிலின் கார்க்கை யாரும் வெளியே இழுக்க வேண்டியதில்லை. மேலே இருக்கும் கம்பிக் கூட்டைத் தளர்த்திய நொடியிலிருந்து அது தானாகவே வெளியே வரத்தான் பார்க்கும். அதை விடாமல் பிடித்து, நாம் விரும்பும் வேகத்தில் வரவைப்பதுதான் நம் வேலை.

நான் ஹோட்டல் விருந்துக் கூடங்களில் ஸ்டூவர்டாக வேலை பார்த்தவள். பிறகு புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு மாறினேன். எந்த பேட்ச் வந்தாலும் சரி, முதல் பாட்டிலைக் கையில் கொடுத்ததும் யாராவது ஒருவர் கார்க்கைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிடுவார். "இழுக்காதே, அழுத்து" என்றால் திருதிருவென்று விழிப்பார்கள். "மேடம், வெளியே வரவேண்டியதை எதுக்கு உள்ளே அழுத்தணும்?" நியாயமான கேள்விதான்.

உள்ளே என்ன இருக்கிறது

ஷாம்பெயினில் இருக்கும் வாயு வெளியிலிருந்து ஏற்றியது இல்லை. ஒருமுறை நொதித்து முடிந்த ஒயினோடு கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பாட்டிலில் அடைத்து மூடிவிடுவார்கள். உள்ளேயே மறுபடி நொதிக்கும். அதில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடுக்கு வெளியேற வழி இல்லாததால் ஒயினிலேயே கரைந்து கிடக்கும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய 1 அட்மாஸ்பியர் அழுத்தம் சேரும். ஷாம்பெயினுக்கு லிட்டருக்குச் சுமார் 24 கிராம் போடுவார்கள். கணக்குப் போட்டால் 20 டிகிரி செல்சியஸில் 6 அட்மாஸ்பியர் பக்கம் வருகிறது. கார் டயரில் அடிக்கும் காற்றைப் போல இரண்டரை மடங்குக்கு மேல்.

ஸ்பெயின் நாட்டு ஸ்பார்க்ளிங் ஒயினான காவாவும் இதே முறையில்தான் தயாராகிறது. இத்தாலி நாட்டு ப்ரொசெக்கோவைப் பெரும்பாலும் பெரிய மூடிய தொட்டியில் நொதிக்கவைத்து, பிறகு பாட்டிலில் நிரப்புவார்கள். அதில் அழுத்தம் சற்றுக் குறைவு. குறைவு என்றதும் அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி ஒரு பாட்டிலை ஸ்பார்க்ளிங் ஒயின் என்று சொல்லி விற்க, 20 டிகிரியில் குறைந்தது 3 பார் (ஏறக்குறைய 3 அட்மாஸ்பியர்) அழுத்தம் இருக்க வேண்டும். மதுவே இல்லாத ஸ்பார்க்ளிங் திராட்சைச் சாறு பாட்டில்களிலும் இதே மாதிரி கார்க்கும் கம்பியும் இருப்பது உண்டு. ‘ஜூஸ்தானே’ என்று குழந்தைகள் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்வதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அந்தக் காலத்து ஷாம்பெயின் நிலவறைகளில் பாட்டில்கள் அடிக்கடி தாமாகவே வெடிக்கும். வேலையாட்கள் இரும்பு முகமூடி மாட்டிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். இன்று கண்ணாடி தடிமனாகிவிட்டது, சர்க்கரையை அளந்து போடுகிறார்கள், பாட்டில் உடைவது அபூர்வம். மிச்சம் இருக்கும் ஆபத்து முழுவதும் வாய்ப்பக்கம்தான். அடைப்பதற்கு முன் அந்தக் கார்க் நேரான ஓர் உருளை, விட்டம் 31 மி.மீ. பக்கம். அதை நசுக்கிச் சுமார் 18 மி.மீ. வாய்க்குள் திணிக்கிறார்கள். வெளியே நிற்கும் பாதிதான் காளான் குடை மாதிரி விரிந்திருக்கிறது. அதை அழுத்திப் பிடிக்கும் கம்பிக் கூட்டுக்கு 1844-இல் அடோல்ஃப் ஜாக்கெஸான் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் கயிற்றால் கட்டிவைத்திருந்தார்கள்.

கட்டுப்பாடில்லாமல் பறக்கும் கார்க் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் வரை போகும் என்று அமெரிக்கக் கண் மருத்துவர் சங்கம் எச்சரிக்கிறது. பாட்டிலுக்கும் முகத்துக்கும் நடுவே 60 செ.மீ. இருந்தால், அந்தத் தூரத்தைக் கடக்க 0.03 நொடி போதும். இமை மூடுவதற்குள் வந்து அடித்துவிடும்.

2022 மே மாதம் இத்தாலியின் ஜிரோ டி இத்தாலியா சைக்கிள் பந்தயத்தில் எரித்ரியா நாட்டு வீரர் பினியம் கிர்மாய் பத்தாவது கட்டத்தை வென்றார். மேடையில் அவர் திறந்த ப்ரொசெக்கோ பாட்டிலின் கார்க் அவருடைய இடது கண்ணிலேயே பாய்ந்தது. மருத்துவமனைக்குப் போனவர் மறுநாள் பந்தயத்திலிருந்து விலக வேண்டியதாயிற்று. நல்லவேளை, கண் தப்பியது. 2024-இல் டூர் த பிரான்ஸ் பந்தயத்தில், புள்ளிகளில் முதலிடம் பிடிப்பவருக்குத் தரும் பச்சை ஜெர்சியையும் வாங்கிவிட்டார். மலை ஏறி இறங்கும் சைக்கிள் வீரனுக்கே அதை விலக்கிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை என்றால் நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது?

குளிர்ச்சிதான் பாதி வேலை

கைப்பழக்கம் இல்லாதவர் நன்றாகக் குளிர்ந்த பாட்டிலைத் திறந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கைதேர்ந்தவர் வெதுவெதுப்பான பாட்டிலைத் திறந்தாலும் சிந்தும். அதனால் நான் எப்போதும் முதலில் தெர்மாமீட்டர் பேச்சைத்தான் எடுப்பேன்.

குளிர்ந்த திரவத்தில் வாயு நன்றாகக் கரைந்து அடங்கிக் கிடக்கும். சூடு ஏற ஏற வெளியே வரத் துடிக்கும். 20 டிகிரியில் 6 அட்மாஸ்பியர் என்றால், 6, 7 டிகிரிக்கு இறக்கும்போது அது நான்குக்குப் பக்கம் வந்துவிடும். அதே பாட்டில் 30 டிகிரியில் எட்டைத் தொடும். வெயிலில் நின்ற காருக்குள் கிடந்த பாட்டிலை நேராக மேஜைக்குக் கொண்டுவந்து திறப்பவர்கள் இந்த வித்தியாசத்தை யோசித்துப் பார்க்க வேண்டும்.

நேரம் இருந்தால் ஃப்ரிட்ஜ் போதும். குறைந்தது நான்கு மணி நேரம், முந்தின இரவே வைத்துவிட்டால் இன்னும் நல்லது. கதவுப் பக்கத்தில் வைக்காதீர்கள். அங்கே குளிர்ச்சியும் குறைவு, கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் பாட்டில் குலுங்கும். உள்ளே, பின்பக்கம், அசையாத இடம் பாருங்கள்.

நேரம் இல்லையென்றால் ஐஸ் பக்கெட். இதில் நிறைய பேர் வெறும் ஐஸைக் கொட்டி அதில் பாட்டிலைச் செருகிவிடுகிறார்கள். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே இருக்கும் காற்று குளிரைக் கடத்தாது. பாதி ஐஸ், பாதி தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் கண்ணாடியைச் சுற்றி ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும். அரை மணி நேரத்தில் ஆகிவிடும். ஒரு கை உப்பு போட்டால் இன்னும் சீக்கிரம்.

ஐஸ் பக்கெட்டில் இன்னொரு சிக்கல், பாட்டிலின் கழுத்து தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கீழே இருக்கும் ஒயின் ஜில்லென்று இருக்கும், கார்க்கை ஒட்டிய பகுதி மட்டும் அறைச் சூட்டிலேயே இருக்கும். திறந்ததும் அந்தக் கொஞ்சம் ஒயின்தான் முதலில் பொங்கும். ஆழமான வாளியாகப் பாருங்கள். இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் நனைத்த துணியைக் கழுத்தில் சுற்றி அவ்வப்போது மாற்றுங்கள்.

ஃப்ரீசரில் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கால் மணி நேரம் வைத்து, அலாரம் வைத்து எடுப்பவராக இருந்தால் பரவாயில்லை. நடைமுறையில் வைத்தவர் மறந்துபோவார். ஒயின் உறைந்தால் விரியும். கார்க் பிதுங்கும் அல்லது பாட்டில் விரிசல் விடும். விரிசல் விட்ட, இன்னமும் அழுத்தம் நிறைந்த ஒரு பாட்டிலை ஃப்ரீசரிலிருந்து யார் வெளியே எடுப்பது? நான் ஃப்ரீசர் பக்கமே போவதில்லை.

பை கீழே விழுந்தது, வண்டியில் உருண்டது, யாரோ விளையாட்டாகக் குலுக்கினார்கள் என்றால் அந்தப் பாட்டிலை அன்று விட்டுவிடுங்கள். குலுக்கியதால் அழுத்தம் பெரிதாகக் கூடிவிடுவதில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத பொடிக் குமிழிகள் ஒயின் முழுக்கப் பரவியிருக்கும். மூடி திறந்த கணம் கரைந்திருக்கும் வாயுவெல்லாம் அந்தக் குமிழிகளைத் தேடி ஓடி, ஒரே நேரத்தில் பொங்கும். ஃப்ரிட்ஜில் நிற்கவைத்து ஓர் இரவு விட்டால் அடங்கிவிடும்.

திறக்கப் போகிறீர்கள்

பாட்டிலை எடுத்ததும் முதலில் துடையுங்கள். ஐஸ் தண்ணீரில் ஊறிய கண்ணாடி வழுக்கும், முக்கால் லிட்டர் ஒயினும் அதைவிடக் கனமான கண்ணாடியும் சேர்ந்து கையில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும்.

நிற்கும் இடத்தைப் பாருங்கள். மேலே விளக்கு இருக்கிறதா, மின்விசிறி இருக்கிறதா, எதிரே ஜன்னல் கண்ணாடி, டிவி, மனிதர்கள்? வெறும் சுவர் இருக்கும் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். சுற்றி நிற்பவர்களை முன்னால் நிற்காமல் உங்கள் முதுகுப் பக்கம் வரச்சொல்லுங்கள். மூக்குக் கண்ணாடி போடுபவராக இருந்தால் கழற்ற வேண்டாம். கிளாஸ்கள் முன்கூட்டியே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், திறந்த பிறகு அலமாரியில் தேடாதீர்கள். ஒரு மெல்லிய பருத்தித் துண்டு, காய்ந்தது, தோளில் இருக்கட்டும். கார்க் ஸ்க்ரூ எடுத்து வைத்திருந்தால் அதைத் திரும்ப உள்ளே வையுங்கள். அது நுரைக்காத ஒயினுக்கு. அழுத்தம் நிறைந்த பாட்டிலில் அதைத் திருகினால், கார்க்கோடு சேர்ந்து ஓர் இரும்புக் கம்பியும் உங்கள் முகத்தை நோக்கி வரும்.

ஃபாயில் தாளில் கிழிப்பதற்கென்று ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பாதியில் அறுந்துபோனால் கத்தியால் கம்பிக்குக் கீழே சுற்றிலும் கீறிக் கழற்றுங்கள். கம்பிக் கூடு முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இனிமேல்தான் கவனம். ஃபாயில் வந்ததும் இடது கட்டை விரலை, அதாவது பழக்கம் குறைந்த கையின் கட்டை விரலை, கார்க்கின் தலையில் இருக்கும் தகட்டு மூடிமேல் அழுத்தி வையுங்கள். கார்க் முழுதாக வெளியே வரும்வரை அந்த விரல் அங்கிருந்து எடுபடக் கூடாது. புகைப்படம் எடுக்க இல்லை, போன் எடுக்க இல்லை, துண்டைச் சரிசெய்யக்கூட இல்லை. கம்பி செய்த வேலையை இப்போது விரல் செய்கிறது. தளர்த்திய பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு, "எல்லாரும் வந்துட்டாங்களா?" என்று ஆள் கூப்பிடப் போவார்கள் பாருங்கள், அங்கேதான் விபத்து நடக்கும். கம்பி இல்லாத கார்க் உடனே போகலாம், இரண்டு நிமிடம் கழித்தும் போகலாம். யாரும் தொடாமலே போகும்.

கூட்டின் கழுத்தில் மடங்கிக் கிடக்கும் சின்ன வளையத்தை நிமிர்த்தி, கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்புங்கள். வழக்கமாக ஆறு முறை அரைச் சுற்று வரும். அடிக் கம்பி அகன்று தொங்கும். கழற்றி எறிந்துவிடாதீர்கள். சிலர் கூட்டை முழுதாக எடுத்துவிட்டு கார்க்கைப் பிடிப்பார்கள். அப்படியும் திறக்கலாம்தான், ஆனால் எடுக்கும் அந்த ஒரு கணம் விரல் மேலே இருக்காது. எனக்கு அந்தக் கணமே வேண்டாம். தவிர, கம்பியோடு சேர்த்துப் பிடித்தால் வழுக்காது.

துண்டைக் கட்டை விரலுக்கு மேலேயே போர்த்தி, அதோடு கார்க்கையும் கூட்டையும் உள்ளங்கைக்குள் அடக்கிக்கொள்ளுங்கள். மற்ற கை பாட்டிலின் அடியைப் பிடிக்கட்டும். பாட்டிலின் அடியை இடுப்போடு அணைத்து, வாய் யாரையும் பார்க்காதபடி 45 டிகிரி சாய்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சாய்வு அழகுக்கு இல்லை. நிமிர்ந்த பாட்டிலில் கழுத்தளவு வட்டம்தான் ஒயினின் மேல்பரப்பு. சாய்த்தால் அது நீண்டு அகலமாகும். வாயு ஒயினைத் தூக்கிக்கொண்டு வராமல் தனியாகப் பிரிந்து வர இடம் கிடைக்கிறது.

கார்க்கைத் திருகாதீர்கள், பாட்டிலைத் திருப்புங்கள். மேல்கை கல்லாக நிற்கட்டும், அடியில் இருக்கும் கை கால் சுற்று அந்தப் பக்கம், கால் சுற்று இந்தப் பக்கம் என்று மெதுவாக ஆட்டட்டும். கார்க்கைத் திருகினால் குடையும் தண்டும் இருவேறாக முறியக்கூடும், விரல்களும் பிடியை மாற்றிக்கொண்டே இருக்கும். பாட்டிலைத் திருப்பும்போது பிடி மாறவே வேண்டாம்.

முதல் சில ஆட்டங்களில் ஒன்றுமே நடக்காது. பிறகு கண்ணாடிக்கும் கார்க்குக்கும் நடுவே ஏதோ விட்டுக்கொடுப்பது உள்ளங்கையில் தெரியும், நறநறவென்று மெல்லிய அதிர்வு வரும். அடுத்து, நீங்கள் திருப்புவதை நிறுத்தினாலும் கட்டை விரலின் கீழே ஒன்று மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். புதியவர்கள் இங்கே பயந்து கையை எடுப்பார்கள். எடுக்கக் கூடாது, இங்கேதான் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். அது தள்ளுவதைவிடக் கொஞ்சம் குறைவாக, அவ்வளவுதான். கார்க் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக ஏறும். கடைசி விளிம்புக்கு வந்துவிட்டது என்று தோன்றும்போது கார்க்கை ஒரு பக்கமாகச் சற்றே சாய்த்துவிடுங்கள். ஓரத்தில் ஒரு நூல் இடைவெளி திறக்கும். "ஸ்ஸ்ஸ்" என்று வாயு அதன் வழியே போகும். ஓசை அடங்கிய பிறகு கார்க்கை எடுங்கள். பாட்டிலை உடனே நிமிர்த்தாமல் அதே சாய்வில் நாலைந்து நொடி வைத்திருங்கள், நுரை கழுத்துவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போகும்.

அப்படியும் பொங்க ஆரம்பித்தால் விரலால் வாயை அடைக்காதீர்கள், அடைத்தால் பீய்ச்சி அடிக்கும். இன்னும் சாய்த்து, கிளாஸில் கொஞ்சம் ஊற்றுங்கள். வழி கிடைத்ததும் அடங்கும்.

என் அக்கா மகனுக்கு இப்படித் திறந்து காட்டினேன். அவன் முகம் சுருங்கிப்போயிற்று. "என்ன சித்தி, சத்தமே வரலை? காஸ் போயிடுச்சா?"

போகவில்லை. சொல்லப்போனால் இப்படித் திறந்தால்தான் அதிகம் மிஞ்சும். படாரென்று திறந்தால் பொங்கி வழியும் ஒயினோடு அதில் கரைந்திருக்கும் வாயுவும் போய்விடும். அந்தச் சத்தத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். பிரான்ஸின் ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரார் லிஜே-பெலேர் என்ற இயற்பியலாளர் ஷாம்பெயின் குமிழிகளைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிறார். கார்க் பறக்கும் முதல் மில்லி நொடியில் வாயு ஒலியைவிட வேகமாகப் பீய்ச்சி வெளியேறுகிறது என்று அவருடைய குழு 2019-இல் காட்டியது. 20 டிகிரி சூட்டில் இருந்த பாட்டிலைத் திறந்தபோது வாயு சட்டென்று விரிந்து குளிர்ந்து, கார்பன் டை ஆக்சைடே நுண்ணிய பனித்துகள்களாக உறைந்து, வாய்க்கு மேல் நீலமாக ஒரு மூட்டம் தெரிந்தது. நன்றாகக் குளிரவைத்த பாட்டிலில் அந்த நீலம் வருவதில்லை, வெண்சாம்பல் புகைதான்.

சத்தம் வேண்டும் என்று அடம்பிடிக்கும் வீடுகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். எல்லாவற்றையும் மேலே சொன்னபடியே செய்யுங்கள். கடைசி விளிம்பில் கார்க்கைச் சாய்க்காமல், துண்டும் உள்ளங்கையும் மூடியிருக்க, நேராகவே விட்டுவிடுங்கள். கைக்குள்ளேயே "பக்" என்று ஒரு சத்தம் வரும். கார்க் உங்கள் பிடியைவிட்டு எங்கேயும் போகாது. அக்கா மகன் இதற்கு ஒத்துக்கொண்டான்.

குலுக்கிப் பீய்ச்சி அடிப்பதை 1967 லு மான் கார் பந்தய மேடையில் டான் கர்னி தொடங்கிவைத்தார். அதை அங்கேயே விட்டுவிடலாம். பட்டாக்கத்தியால் பாட்டிலின் கழுத்தையே சீவிவிடும் வித்தையைக் கற்றவர்களிடம் பார்த்து ரசியுங்கள். வீட்டு வரவேற்பறையில் கண்ணாடிச் சில்லுகளோடு விளையாட வேண்டாம்.

கார்க் அடம்பிடித்தால்

அசையவே மாட்டேன் என்கிற கார்க்குகள் உண்டு. பல வருடம் இருந்த பாட்டிலில் கார்க் சுருங்கி இறுகியிருக்கும். அல்லது அளவுக்கு மேல் குளிர்ந்திருக்கும். முதலில் பிடியைப் பாருங்கள், முக்கால்வாசி நேரம் ஈரக் கைதான் காரணம். காய்ந்த துண்டை மாற்றுங்கள். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் நல்ல பிடி கிடைக்கும். அப்படியும் வரவில்லை என்றால், கட்டை விரல் மேலே இருக்க, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கழுத்தில் மட்டும் சில நொடி சுற்றுங்கள். கழுத்துக் கண்ணாடி லேசாக விரியும், உள்ளே மேல்பகுதி வாயுவும் சூடாகித் தள்ளும். எதிர்பாராத வேகத்தில் கிளம்பக்கூடும் என்பதால் இதைச் செய்யும்போது பிடி இரண்டு மடங்கு இறுக்கமாக இருக்க வேண்டும். ஷாம்பெயின் கார்க்கைக் கவ்வித் திருப்புவதற்கென்றே இடுக்கி விற்கிறார்கள். வயதானவர்களுக்கும் கைமூட்டு வலி இருப்பவர்களுக்கும் அது நல்ல துணை.

எந்த நிலையிலும் பாட்டிலைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு குனிந்து பார்க்காதீர்கள். கார்க் ஏன் வரவில்லை என்று கண்ணை வாய்க்கு மேலே கொண்டுபோகிறவர்களை நானே பார்த்து அதட்டியிருக்கிறேன்.

குடை முறிந்து தண்டு மட்டும் உள்ளே நின்றுவிட்டால், அழுத்தம் முழுவதும் இன்னமும் உள்ளேதான் இருக்கிறது, பிடிக்கத்தான் ஒன்றும் இல்லை. பழக்கம் இல்லாதவர்கள் அந்தப் பாட்டிலைத் துணியால் மூடி, ஃப்ரிட்ஜில் ஓரமாக நிற்கவைத்துவிட்டு வேறு பாட்டில் எடுப்பதே மேல். எங்கள் வேலையில் என்ன செய்வோம் என்றால், பாட்டிலை மிக நன்றாகக் குளிரவைத்து, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டி, தடித்த துணி போர்த்தி, நீளமான மெல்லிய ஊசியைக் கார்க்கின் நடுவே செலுத்தி வாயுவைக் கசியவிடுவோம். சீறல் முழுக்க நின்ற பிறகே, துணிக்கு அடியிலேயே, கார்க் ஸ்க்ரூவை மெல்லத் திருகுவோம். இதைப் படித்துவிட்டு இன்றிரவே முயற்சி செய்ய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

பிளாஸ்டிக் கார்க் தனி ரகம். உண்மையான கார்க் கண்ணாடியைப் பற்றிக்கொண்டு படிப்படியாக நழுவும். பிளாஸ்டிக் கடைசிவரை பிடித்திருந்து ஒரே தாவலாகத் தாவும். ஆட்டத்தை இன்னும் சிறிதாக்கி, அழுத்தத்தைக் கூட்டுங்கள். பெட்நாட் (முதல் நொதித்தல் முடியும் முன்பே பாட்டிலில் அடைத்த ஸ்பார்க்ளிங் ஒயின்) மாதிரி சோடா மூடி போட்ட பாட்டில்களில் பறக்கும் ஆபத்து குறைவு, பொங்கும் ஆபத்து அதிகம். அடியில் ஈஸ்ட் கசடு இருக்கும். அசைக்காமல் குளிரவைத்து, சிங்க்கில் வைத்து, மூடியின் ஓரத்தை மட்டும் தூக்கிச் சீறவிட்டு, பிறகு திறங்கள்.

இவ்வளவுக்கும் மீறி யாருக்காவது கண்ணில் பட்டுவிட்டால்: தேய்க்கக் கூடாது, அழுத்தக் கூடாது, வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தைத் தேடிப் போட்டுப் பார்க்கக் கூடாது. ஒரு காகிதக் கப்பின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணைத் தொடாதபடி எலும்பின் மேல் உட்காரவைத்து டேப் ஒட்டி, நேராகக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வலிக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், உள்ளே ரத்தம் கசிந்தால் அதைக் கூட்டும். "பார்வை தெரியுது, பரவாயில்லை" என்று உட்கார்ந்துவிடவும் கூடாது. கருவிழிக்குப் பின்னால் ரத்தக்கசிவும் விழித்திரைக் கிழிசலும் பட்டவருக்கே உடனே தெரியாமல் போகலாம்.

ஊற்றுவதும் மிச்சம் வைப்பதும்

கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, பக்கச் சுவரில் வழியவிடுங்கள். முதலில் இரண்டு விரல்கடை ஊற்றி, நுரை இறங்கியதும் மூன்றில் இரண்டு பங்குவரை நிரப்புங்கள். 750 மி.லி. பாட்டிலில் 125 மி.லி. வீதம் ஆறு கிளாஸ் வரும். சோப்பு சரியாக அலசப்படாத கிளாஸில் நுரை நிற்காது. அதே சமயம் குமிழிகள் புறப்படுவதே கிளாஸில் ஒட்டியிருக்கும் நுண்ணிய நார்களிலும் கீறல்களிலும் இருந்துதான். அதனால் பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்த கிளாஸ் நல்லது. நீளக் குழல் கிளாஸ்தான் வேண்டும் என்று இல்லை. மணம் தெரிய வேண்டுமானால் வாய் சற்று விரிந்த சாதாரண ஒயின் கிளாஸ் எனக்குப் பிடிக்கும்.

மிச்சம் இருந்தால் பாட்டில் வாயில் கரண்டியைத் தொங்கவிட்டு ஃப்ரிட்ஜில் வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கரண்டியால் ஒரு பயனும் இல்லை, குளிர்தான் காப்பாற்றுகிறது. பக்கத்தில் கொக்கி வைத்து இறுக்கும் ஸ்பார்க்ளிங் ஒயின் மூடி வாங்கிப் போட்டால் ஓரிரு நாள் குமிழியோடு இருக்கும். பழைய கார்க்கை மறுபடி திணிக்கப் பார்க்காதீர்கள். அது ஏற்கெனவே விரிந்துவிட்டது, உள்ளே போகாது. மற்ற ஒயின் கார்க் எதையாவது செருகினாலும், கட்டிப் பிடிக்கக் கம்பி இல்லாததால் ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்கும் யாரோ ஒருவர் முகத்துக்கு நேரே கிளம்பும். கொக்கி மூடிக்கு அடியிலும் ஓர் இரவில் வாயு சேர்ந்திருக்கும். மறுநாள் கழற்றும்போது அதன் தலையிலும் உள்ளங்கையை வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொக்கியை விடுவியுங்கள்.